சீரகச் சம்பாவின் வாசனையை அளக்க முடியுமா?

திருவிடைமருதூர் வட்டத்து ஆடுதுறையில் 1922-ல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஏ.டி.டி. 43 போன்ற ரகங்களைத் தந்த இடம் அது. ஒரு ரகம் எவ்வளவு விளையும், எத்தனை நாளில் முற்றும் என்பதையெல்லாம் வயலிலேயே கணக்கிட்டுவிடலாம். வாசனைக்கு அந்த வசதி இல்லை. சீரகச் சம்பாவுக்கு நாம் கூடுதல் விலை கொடுப்பதோ வாசனைக்காகத்தான். எடையையும் ஈரப்பதத்தையும் அளந்து விலை பேசும் வியாபாரத்தில், வாசனை மட்டும் வாய்ச்சொல்லாக நிற்பது நியாயமில்லை.

வாசனை அரிசிகளின் மணத்துக்கு முதன்மைக் காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற சிறு மூலக்கூறு. அமெரிக்க வேளாண் துறையின் ரான் பட்டரி குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் இதை இனங்கண்டார்கள். ரம்பை இலையில் மணப்பதும் இதுவே. புலி தன் எல்லையைக் குறிக்கப் பீய்ச்சும் திரவத்திலும் இது இருப்பதாகக் கொல்கத்தாவின் பிரம்மச்சாரி குழுவினர் 1990-ல் அறிவித்தார்கள், பிரியாணிக்காரர்கள் மன்னிக்க. தண்ணீரில் நூறு கோடியில் பத்தில் ஒரு பங்கு கலந்திருந்தாலே மூக்கு இதைக் கண்டுகொள்ளும். ஆய்வகத்தில் அரிசியை மூடிய குப்பியில் சூடாக்கி, எழும் ஆவியை ஒரு மெல்லிய இழையில் ஏற்றி, பல மீட்டர் நீளமுள்ள நுண்குழாய்க்குள் செலுத்துகிறார்கள். ஆவியில் கலந்திருக்கும் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வெளிவர, நிறை நிரல்மானி அவற்றை எலக்ட்ரானால் தாக்கிச் சிதறல்களின் நிறையைப் பதிவுசெய்யும். நம் மூலக்கூறின் நிறை 111. சிக்கல் என்னவென்றால், இது எளிதில் சிதைந்துவிடும். அதனால் சில ஹைட்ரஜன்களுக்குப் பதில் கன ஹைட்ரஜன் கொண்ட அதே மூலக்கூறைத் தெரிந்த அளவில் முன்கூட்டியே கலந்துவிடுகிறார்கள். வழியில் ஏற்படும் இழப்பு இந்த இரட்டைப் பிள்ளைகள் இருவருக்கும் ஒன்றுபோல இருக்கும் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டு உண்மை அளவைக் கண்டுவிடலாம்.

நல்ல மூக்கு போதாதா என்று கேட்கலாம். சூட், சித்திக் இருவரும் 1978-ல் வெளியிட்ட எளிய சோதனையே மூக்கை நம்பியதுதான்: இலையை 1.7 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து முகர வேண்டும். ஆனால் வரிசையாகப் பல மாதிரிகளை முகர்ந்தால் மூக்கு மழுங்கும். வாசனை உண்டா இல்லையா என்று சொல்லும் மூக்குக்கு, போன வருஷத்தைவிட எவ்வளவு குறைவு என்று சொல்ல வராது. மரபணுச் சோதனை செய்தால் முடிந்தது என்பது இன்னும் வலுவான வாதம். பேட்2 என்ற மரபணு பழுதாகும்போதுதான் நெல்லில் இந்த மூலக்கூறு சேர்கிறது. பல வாசனை ரகங்களில் அதில் எட்டு எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2005-ல் கண்டார்கள். ஆயினும் மரபணு சொல்வது தகுதியை மட்டுமே. கதிர் முற்றும்போது வெயில் கடுமையாக இருந்தால் மணம் குறையும். மார்கழிக் குளிரில் முற்றும் சம்பாவுக்கு அதில் ஆதாயம். பிறகு மூட்டையில் கிடக்கக் கிடக்க மணம் ஆவியாக, கொழுப்பு சிதைந்து ஹெக்சனல் என்ற பழைய வாடை ஏறும். இரண்டும் ஒரே அலசலில் தெரிந்துவிடும்.

கருவி விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் மூட்டைக்கு மூட்டை அலச வேண்டியதில்லை. விதை நெல்லையும் பெரிய கொள்முதல்களையும் அலசினால் போதும். அந்த வழக்கம் வரும்வரை, வாசனை அரிசி என்று விலை கூட்டிச் சொல்பவரிடம் ரகத்தின் பெயரோடு அறுவடை மாதத்தையும் அரைத்த தேதியையும் கேட்டு வாங்குங்கள்.