யமஹா பான்ஷீ பொறி மேம்பாடு

யமஹா பான்ஷீ என்பது ஐக்கிய அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்பனையான, கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர ஊர்தி ஆகும். இதன் 347 கன செ.மீ. இருவீச்சுப் பொறி (டூ ஸ்ட்ரோக்) இரண்டு உருளைகளைக் கொண்டது, நீரால் குளிர்விக்கப்படுவது.

மிதமான மேம்பாடு

புகைபோக்கியையும் காற்று வடிகட்டியையும் மாற்றுவது ஆற்றலைக் கூட்டும் எளிய வழியாகும். இதனால் பொறிக்குள் செல்லும் காற்று மிகுவதால், கார்புரேட்டரில் பெரிய ஜெட் பொருத்தி எரிபொருளையும் கூட்ட வேண்டும். இப்பொறியில் உயவு எண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே செல்கிறது. எனவே எரிபொருள் குறைந்தால் வெப்பம் மிகுவதுடன் எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் உருகவோ உருளையில் இறுகவோ கூடும்.

கசிவுச் சோதனை

கிராங்க் தண்டின் தேய்ந்த அடைப்பு வளையங்கள் வழியே புகும் காற்றும் இதே கேட்டை விளைவிக்கும். ஆகவே பாகங்களை மாற்றுமுன் பொறியைக் காற்றழுத்தத்தால் சோதித்தல் இன்றியமையாதது.