கண்ணுக்குத் தெரியாத நெருப்பு

1901-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி ஹென்றி பெக்கரல், சிறு குழாயில் அடைத்த ரேடியம் உப்பைத் தம் உட்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சென்றார். அன்று அவருக்கு யாதொரு வலியும் தோன்றவில்லை. சில தினங்கள் கழித்து, பைக்கு நேராக உடம்பில் தோல் சிவந்து புண்ணாயிற்று. அவருடைய சகாவான பியரி கியூரியோ, உண்மையை அறியும் பொருட்டு வேண்டுமென்றே தம் கையில் பத்து மணி நேரம் ரேடியம் படும்படி செய்துகொண்டார். 52 நாட்கள் ஆன பின்னும் அந்தப் புண் முழுவதும் ஆறவில்லை.

அடுப்பு நெருப்புச் சுட்டால் கை உடனே பின்வாங்குகிறது. ரேடியம் முதலியவற்றின் கிரணங்களோ சப்தமின்றிச் சுடுகின்றன. நம் மேல்தோல் நாள்தோறும் உதிர்ந்து நாள்தோறும் புதிதாகிறது. அதன் அடியிலுள்ள ஜீவ அணுக்கள் இடைவிடாமல் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுவதே அதற்குக் காரணம். கிரணங்கள் அந்த அணுக்களுக்குள் இருக்கும் மரபு இழைகளை அறுத்து விடுகின்றன. அறுபட்ட அணு பெரும்பாலும் அக்கணமே மடிவதில்லை. பிரிய வேண்டிய சமயத்தில் பிரிய மாட்டாமல் மடிகிறது. ஆகையால்தான் காயம் வெளிப்பட நாட்களும் வாரங்களும் ஆகின்றன. பின்னர் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. ஆறியது போல் தோன்றிய இடம் மீண்டும் அழன்று, அலையலையாகப் பரவுகிறது.

இதற்கு வைத்தியர்கள் நெடுங்காலம் செய்து வந்தது, அழுகிய சதையை வெட்டி எடுத்து, வேறிடத்துத் தோலை ஒட்டுவதே. ஒட்டிய தோல் பல சமயங்களில் நிலைப்பதில்லை. மறுபடியும் வெட்ட நேரும். சிலருக்குக் கை கால்களையே இழக்க நேர்ந்தது. 1975-ல் அமெரிக்காவில் ரைன்வால்ட், ஹோவர்டு கிரீன் என்னும் இருவர் தோல் அணுக்களைக் கிண்ணத்தில் வளர்க்கும் முறையைக் கண்டனர். தீப்புண் பட்டவர்களுக்கு அது பெரும் வரப்பிரசாதமாயிற்று. ஆனால் கிரணம் பட்ட இடத்தில் நிலமே உவர்நிலமாகி விடுகிறது. அங்கே எவ்வளவு நல்ல நாற்றை நட்டால்தான் என்ன?

நிலத்தைத் திருத்தும் வழி 2005-ம் வருஷம் டிசம்பரில் நேர்ந்த ஒரு விபத்தை ஒட்டித் திறந்தது. தென் அமெரிக்காவில் சிலி தேசத்துக் கட்டட வேலையில் இருந்த ஓர் இளைஞர், கீழே கிடந்த உலோகத் துண்டு ஒன்றை எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். வெல்டிங் இணைப்புகளைச் சோதிக்கும் கருவியிலிருந்து விழுந்த இரிடியம்-192 அது. அவர் தோலின் நடுவில் பாய்ந்த அளவு சுமார் 2000 கிரே என்று பின்னர் கணக்கிட்டார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் பல வாரங்களாகப் பகுத்துக் கொடுப்பதே பெரும்பாலும் 50, 60 கிரேதான்!

பாரிஸ் நகருக்கு அருகில் கிளாமார் என்னும் ஊரிலுள்ள பெர்சி ராணுவ வைத்தியசாலைக்கு அவரைக் கொண்டு சென்றனர். சதையில் எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு கிரணம் பாய்ந்தது என்று முதலில் கணித்து, அந்த எல்லை வரை வெட்டி எடுத்தார்கள். தோலும் ஒட்டினார்கள். அத்துடன், அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்தே ஒருவகை மூல அணுக்களை எடுத்து, ஆய்வுசாலையில் கோடிக்கணக்காகப் பெருக்கி, புண்ணைச் சுற்றிலும் ஊசி மூலம் செலுத்தினார்கள். சொந்த அணுக்களாதலால் உடம்பு அவற்றைத் தள்ளவில்லை. புண் ஆறிற்று. 11 மாதம் கவனித்து வந்ததில் அந்த அழற்சி அலை திரும்பவில்லை.

இந்த அணுக்களே புதுத் தோலாக மாறிவிடுகின்றன என்று எண்ணலாகாது. அவற்றின் பணி பெரும்பாலும் தாதியின் பணி. அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணிக்கின்றன. புதிய இரத்தக் குழாய்கள் அரும்பத் தூண்டுகின்றன. 2007-ல் இத்தாலியில் ரிகோட்டி என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும், கிரண சிகிச்சையால் தோல் கெட்ட 20 பேருக்கு அவரவர் கொழுப்பிலிருந்தே எடுத்த அணுக்களைச் செலுத்திக் குணம் கண்டதாக வெளியிட்டார்கள்.

எனினும், விபத்துப் புண்ணுக்கு இவ்வகைச் சிகிச்சை பெற்றவர்கள் மிகச் சிலரே. கத்தி தந்த குணம் எவ்வளவு, அணுக்கள் தந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுதல் எளிதன்று. இதை மறைத்து, மூல அணுவால் சகல ரோகமும் தீருமென்று விளம்பரம் செய்து பொருள் பறிப்போர் உண்டு. நிரூபணமாகாத வியாதிகளுக்குப் பரிசோதனை முறையில் அன்றி இதனை வழங்கலாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் விதித்திருப்பது நினைவிலிருக்கட்டும்.

இவை யாவும் தூர தேசத்துச் செய்திகள் அல்ல. 2010-ல் டில்லி மாயாபுரியிலுள்ள பழைய இரும்புக் கடைகளுக்கு, சர்வகலாசாலை ஒன்று ஏலத்தில் விற்ற கருவியோடு கோபால்ட்-60 வந்து சேர்ந்தது. ஒருவர் அதன் துண்டைத் தம் பணப்பையிலேயே வைத்திருந்தார். ஏழு பேர் வைத்தியசாலையில் கிடந்தனர், ஒருவர் மாண்டார். பெக்கரல் தம் பையில் இருந்தது இன்னதென்று அறிந்திருந்தார். சிலியிலும் டில்லியிலும் அதைச் சுமந்த உழைப்பாளிகளுக்கோ அதை ஒருவரும் சொல்லவில்லை.

மஞ்சள் நிறத்தின்மேல் மூன்று இதழ்களாக வரையப்படும் அபாயக் குறியை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? புண்ணை ஆற்றும் வித்தையை நம் தேசமும் கற்கத்தான் வேண்டும். ஆயினும், பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் அந்தக் குறியை வரைந்து காட்டச் சுண்ணக்கட்டி ஒன்று போதும். அதை இன்றே செய்யலாம்.