மலையேற மறுத்த பஸ் வண்டி

பழைய பாடசாலை பஸ் வண்டிகளை வாங்கி, ஆசனங்களைக் கழற்றிவிட்டு, வீடாகவோ சமையற்கூடமாகவோ மாற்றிக்கொள்ளும் வழக்கம் வட அமெரிக்காவில் நெடுங்காலமாக உண்டு. எம்மவர் சிலரும் இவ்வழியில் இறங்கியுள்ளனர். வன்கூவரில் வாழும் எமது நண்பர் ஒருவர், எட்டு ஆண்டுச் சேமிப்பைக் கொட்டி, 1996 இல் தயாரான வண்டியொன்றைக் கொத்துரொட்டிக் கடையாக மாற்றியிருந்தார். 2019 ஆடி மாதம், கல்கரியில் விழாவொன்றில் கடை போடுவதற்காக அவரது குடும்பம் புறப்பட்டபோது நாமும் உடன் சென்றோம்.

ஹோப் நகரைத் தாண்டியதும் கொக்கிஹாலா நெடுஞ்சாலை மலையேறத் தொடங்குகிறது. 1986 இல் திறக்கப்பட்ட இப்பாதையின் உச்சி 1,244 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதனை எட்டுமுன்பே என்ஜின் இரைந்தது, வண்டியோ நகரவில்லை. தீய்ந்த மணம் எழுந்தது. ஓரமாக நிறுத்தினோம்.

"எங்கட காசு முழுக்க இதுக்குள்ளதானே அண்ணை, இனி என்ன செய்யிறது?" என்று நண்பரின் மனைவி கேட்டார். பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்ன எம்மிடம் அதற்கு விடை இருக்கவில்லை. பின்னர் கற்றதையே இங்கு எழுதுகிறோம்.

ஒட்டோமற்றிக் கியர்பெட்டியில் என்ஜினின் விசையைக் கடத்துவது எண்ணெயாகும். ரோர்க் கொன்வேட்டர் என்னும் கலத்தினுள் ஒரு விசிறி எண்ணெயைச் சுழற்ற, அவ்வெண்ணெய் எதிரிலுள்ள விசிறியைச் சுழற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாதபோது, அந்த வழுக்கல் வெப்பமாகிறது. பிற்காலப் பெட்டிகளில், வேகம் கூடியதும் இரண்டையும் பூட்டிவிடும் ஏற்பாடு உண்டு. அக்காலப் பாடசாலை வண்டிகள் பலவற்றில் இருந்த அலிசன் ஏ.ரி. 545 போன்ற நான்கு கியர்ப் பெட்டிகளில் அது இல்லை. நின்று நின்று ஓடும் பாடசாலைச் சேவைக்கு அவை போதுமானவை. பாரத்துடன் நெடுநேரம் மலையேறினால் எண்ணெய் சூடேறிக் கெடுகிறது; அதனோடு கிளட்ச் தட்டுகளும் தேய்ந்து தீய்கின்றன.

எமது வண்டியில் குற்றம் பெட்டியுடையதன்று. அடுப்பும் குளிர்பெட்டியும் தண்ணீர்த் தாங்கியும் பாரத்தைக் கூட்டியிருந்தன. எண்ணெயைக் குளிர்விக்கக் கொண்டுசெல்லும் குழாயொன்று கசிந்திருந்தது. இரு கிழமைகளாகவே, பின்கியர் போட்டால் வண்டி சற்றுத் தாமதித்தே அசைந்தது. அந்த முன்னறிவிப்பை நண்பரும் பொருட்படுத்தவில்லை, நாமும் பொருட்படுத்தவில்லை.

இத்தகைய வண்டி வைத்திருப்போர் எண்ணெயைப் பார்க்கும் முறையை அறிதல் வேண்டும். சமதரையில், கைத்தடை போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பெட்டி சூடாகியபின் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அளவுக்கோலை இழுத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு நிறம் நல்லது. கறுத்துத் தீய்ந்த மணம் வீசினால் தட்டுகள் தீய்கின்றன. பால்போல் வெளிறியிருந்தால் ரேடியேட்டர் நீர் கலந்துவிட்டது. அதன்பின் வண்டியை ஓட்டவே கூடாது. அளவுக்கு மிஞ்சி ஊற்றினாலும் எண்ணெய் நுரைத்துக் கேடு செய்யும்.

கட்டியிழுக்க வந்தவர், பின்சக்கரங்களை இணைக்கும் சுழல்தண்டை முதலில் கழற்றினார். என்ஜின் நின்றால் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும். தண்டைக் கழற்றாது இழுத்தால், எண்ணெயின்றிச் சுழன்று பெட்டி முற்றாக அழியும்.

முதற் கராஜில் புதிய பெட்டிக்குச் சொன்ன விலை, வண்டி வாங்கிய விலையிலும் அதிகம். கண்ணீருடன் வண்டியைக் கைவிட இருந்த வேளையில், வேறொரு முதிய மெக்கானிக் அடித்தட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கருந்தூள் படிந்திருந்தது. கழிக்கப்பட்ட பாடசாலை வண்டியொன்றிலிருந்து அதே வகைப் பெட்டியை அவர் தேடித் தந்தார். பழைய குளிர்விப்பானில் தூள் தங்கிப் புதிய பெட்டியையும் கெடுக்கும் என்பதால் அதனையும் குழாய்களையும் மாற்றினார், வெப்பமானியொன்றையும் பொருத்தினார். கல்கரி விழா முடிந்துபோயிற்று. புரட்டாதியில் வண்டி மீண்டும் ஓடியது.

இப்போது நண்பர் மலையில் தாழ்ந்த கியரிலேயே மெதுவாக ஏறுகிறார். எண்ணெயின் வெப்பம் 120 பாகை செல்சியசை நெருங்குமுன் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு ஆறவைக்கிறார்.

பழைய வண்டி வாங்க எண்ணும் வாசகர்கள், வெளிப்பூச்சைப் பார்க்குமுன் அளவுக்கோலை இழுத்து முகர்ந்து பார்ப்பார்களாக. கியர்பெட்டி ஒரே நாளில் பழுதாவது அரிது. அது முன்னரே சொல்லிவிடுகிறது. கேட்பதற்கு நாம் ஆயத்தமாயிருந்தால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு தப்பும்.