பந்தயப் பணத்துக்கு வழக்கு உண்டா?

2017 நவம்பர் 7 அன்று திருவனந்தபுரம் காரியவட்டம் விளையாட்டரங்கில் இந்தியாவும் நியூசிலாந்தும் கிரிக்கெட் ஆடின. அவ்வரங்கு கண்ட முதல் சர்வதேசக் கிரிக்கெட் போட்டி அதுவே. மழையினால் இருபது ஓவர் ஆட்டம் எட்டு ஓவராகக் குறுகிற்று. இந்தியா 67 ஓட்டங்கள் எடுத்தது. நியூசிலாந்து 61 எடுத்து, ஆறு ஓட்டங்களில் தோற்றது.

பார்த்தவர்க்கு அத்துடன் ஆட்டம் முடிந்தது. இத்தகைய ஆட்டத்தின்மீது பணம் கட்டியவர்க்கோ அப்போதுதான் வழக்குத் தொடங்கும். சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்கும் நம்மவர் ஒருவர், "இந்தியா நூற்றைம்பதைத் தாண்டாது" என்று கூறி, வாரக் கூலியைப் புக்கியிடம் கட்டினார் எனக் கொள்வோம். "அறுபத்தேழுதானே எடுத்தார்கள்? நான் வென்றேன்" என்பார் இவர். "இருபது ஓவருக்குத்தான் பேச்சு, பந்தயம் ரத்து" என்பார் புக்கி. ரத்தென்றால் கட்டிய பணமாவது திரும்ப வேண்டுமன்றோ? அதற்கும் விதி எழுதப்படவில்லை. எழுதாத விதிக்குப் பணம் யார் கையில் இருக்கிறதோ அவரே பொருள் கூறுவார்.

2019 ஜூலை 14 அன்று லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதியாட்டம் சமனில் முடிந்தது. சூப்பர் ஓவரும் சமனாயிற்று. பவுண்டரிகள் மிகுதியாக அடித்த இங்கிலாந்துக்குக் கோப்பை சென்றது. இங்கே வென்றது இங்கிலாந்தா, அன்றி ஆட்டம் சமன் என்றே கொள்வதா? விதி முன்னரே அச்சிடப்பட்டிருந்தாலன்றி இவ்வினாவுக்கு விடை இல்லை.

இங்கிலாந்தில் உரிமம் பெற்ற பந்தய நிலையங்கள் விதிகளை வெளியிட்டாக வேண்டும். அங்கேயும் 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி பந்தயப் பணத்துக்கு வழக்கிட இயலாதிருந்தது. 2005இல் இயற்றப்பட்ட சூதாட்டச் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்த பின்னரே அத்தடை நீங்கிற்று.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பந்தயத்தில் வென்றதாகக் கூறும் பொருளைக் கேட்டு எவரும் வழக்கிட இயலாது. பந்தய ஒப்பந்தம் செல்லாததேயன்றி, அதன் நோக்கம் சட்டவிரோதமானதன்று என்று 1959இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனைப் பாதுகாப்பு என எண்ணுதல் தவறு. மாநிலச் சூதாட்டச் சட்டங்கள் தனியே உள்ளன. இணைய வழியாகப் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து 2025இல் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியுள்ளது.

இச்சட்டத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. தோற்றவரிடம் பந்தயப் பாக்கியைக் கேட்டுப் புக்கியும் நீதிமன்றம் ஏற முடியாது. ஆகவே அக்கடனுக்கு அஞ்சி ஊரிலுள்ள நிலத்தையோ மனைவியின் நகையையோ விற்க வேண்டியதில்லை. மிரட்டினால் காவல் நிலையத்தை நாடலாம்.

கேரளத்தில் வாழ்வோர் இன்னொன்றையும் அறிதல் நலம். இம்மாநில அரசின் லாட்டரிக் குலுக்கல் முதன்முதலாக 1968 ஜனவரி 26 அன்று நடைபெற்றது. அச்சிட்ட சீட்டு, வெளியிட்ட முடிவு, பரிசு கோரத் தவணை என அதற்கு விதிகள் உண்டு. அதுவும் அதிர்ஷ்டத்தை நம்பும் ஆட்டமே. ஆனால் அதன் கடைசி மூன்று எண்களை வைத்துத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தரும் 'எழுத்து லாட்டரி' அரசினுடையதன்று. எண் பொருந்தினாலும் அத்துண்டை எந்த அலுவலகமும் ஏற்காது.

தொலைவிலிருந்து வந்து உழைக்கும் நமக்கு, கூலி என்பது ஊரில் எரியும் அடுப்பு. சம்பள நாளன்றே வீட்டுக்குரியதை அனுப்பிவிடுவோம். விதியும் இன்றி வழக்கும் இன்றிப் பிறர் கையில் அதனை ஒப்படைக்க வேண்டாம்.