பெரியவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்: கைபேசி எப்படி உதவும்?



வாப்பாவோ உம்மாவோ மருத்துவமனையிலிருந்து நலமாக வீடு வந்து சேர்ந்தால் குடும்பத்துக்கே நிம்மதி. ஆனால் அதன் பிறகு வரும் சில வாரங்களில்தான் நாம் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவமனையில் நேரத்துக்கு மாத்திரை கொடுக்கவும், பிரஷர் பார்த்துக் குறித்து வைக்கவும் நர்ஸ் இருந்தார். வீட்டில் அந்தப் பொறுப்பு நம்முடையது. பல வீடுகளில் மகன் வளைகுடாவில் இருக்கிறார், மகள் வேறு ஊரில் இருக்கிறார், நோயாளியோடு இருப்பவரும் வயதானவரே. இந்தக் குறையை ஓரளவு தீர்க்க, கையில் இருக்கும் கைபேசியே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பொறுப்பாளர் ஒருவரே

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேர் இருந்தால் பத்து ஆலோசனை வரும். டாக்டரிடம் பேசுவது, மருந்து மாற்றத்தை வீட்டாருக்குச் சொல்வது இரண்டையும் ஒருவரே செய்யட்டும். மருத்துவமனையில் கொடுக்கும் தொடர்பு எண்ணும் அவருடையதாக இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாத் தாளையும் படம் எடுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ஸ்கேன் அறிக்கை ஆகியவற்றை ஒரு பக்கம் விடாமல் படம் எடுத்து வையுங்கள். நள்ளிரவில் வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்குள்ள டாக்டருக்கு அந்தப் படங்களே வழிகாட்டும்.

அதைவிட முக்கியமானது வீட்டிலிருக்கும் பழைய மாத்திரைகள். ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் விற்கிறது. உதாரணமாக, சர்க்கரைக்கான கிளிமிபிரைடு பழைய அட்டையில் ஒரு பெயரிலும் புதிய அட்டையில் வேறு பெயரிலும் இருக்கலாம். இரண்டையும் விழுங்கினால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். பழைய அட்டைகளையும் புதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, எதை நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மாத்திரைக்கு அலாரம்

பட்டன் போனிலும் அலாரம் உண்டு. நம் பெரியவர்கள் பலர் பாங்கு சொன்னதும் மாத்திரை போடுகிறார்கள். நினைவில் வைக்க நல்ல வழிதான். ஆனால் தொழுகை நேரம் மாதத்துக்கு மாதம் நகரும். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதிய மருந்து நகரக்கூடாது. அதற்கு அலாரமே சரி. அலாரம் அடித்ததாலேயே மாத்திரை உள்ளே போய்விட்டது என்று எண்ண வேண்டாம். போட்டதும் "போட்டாச்சு" என்று ஒரு குரல் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். ரமலான் நெருங்கினால், நோன்பு வைக்கலாமா, மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

தினமும் ஒரு குறிப்பு

பிரஷர், சர்க்கரை, எடை ஆகியவற்றில் டாக்டர் சொன்னதைத் தினமும் ஒரே நேரத்தில் பார்த்து, தேதியோடு பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். பிரஷர் பார்க்கும்முன் 5 நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். இதயம் பலவீனமானவருக்கு ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள் கொள்ளலாம். அன்றே டாக்டரை அழையுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

ஆபரேஷன் காயத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தால் சிவப்பு, வீக்கம், சீழ் டாக்டருக்குத் தெளிவாகத் தெரியும். அந்தப் படத்தை டாக்டருக்கு மட்டும் அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போடாதீர்கள். நோயாளியின், குறிப்பாக உம்மாமார்களின், மானம் நம் கையில் இருக்கும் அமானிதம்.

எப்போது போனை நம்பக்கூடாது?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவு தவறுதல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு கை தளர்தல் இவற்றில் எது வந்தாலும் படம் எடுத்து அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் கேட்டு முடிவெடுக்கலாம் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள்.

அரசு தரும் உதவி

மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். முதியோர் உதவிக்கு 14567. இ-சஞ்சீவனி மூலம் டாக்டரை வீடியோவில் இலவசமாகப் பார்க்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீடு தேடி வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். யாராவது மருத்துவமனை பெயரைச் சொல்லிப் போனில் வங்கி ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள்.

அலாரம் வைக்கவோ படங்களைச் சேமிக்கவோ தெரியாதவர்கள் ஜும்ஆவுக்குப் பின் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கைபேசியோடு வாருங்கள்; நம் இளைஞர்கள் செய்து தருவார்கள். போனில் தெரியாத ஒன்றும் உண்டு: பெரியவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, முகம் வாடியிருக்கிறதா என்பது. பக்கத்து வீட்டில் யாராவது மருத்துவமனையிலிருந்து வந்திருந்தால் ஒரு எட்டு போய்ப் பார்த்து வருவோம். அல்லாஹ் நம் பெரியவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.