ஒரு பிடி பச்சை, காணாமல் போன நீலம்

"தம்பி, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் உங்கள் முகம் ஒரு நிறம், மகளின் கைத்தொலைபேசியில் வேறு நிறம். ஏன்?" என்று ஓர் அம்மா கேட்டார். ஒப்பனையாளர் மேல் பழி போட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால், தேடப் போன இடத்தில் சுவையான செய்தி கிடைத்தது.

பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த சில பாலிமர்களில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அதனால் அவற்றில் மின்சாரம் ஓடும். சில ஒளியும் தரும். 1990-இல் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஃபிரெண்ட் குழுவினர் 'பிபிவி' என்ற பாலிமரிலிருந்து பசுமஞ்சள் ஒளியைப் பெற்றார்கள்.

சரி, வேறு நிறம் வேண்டுமென்றால்? இரண்டு பாலிமர்களைக் கலக்கலாம். வேடிக்கை இங்கேதான். நீல ஒளி தரும் பாலிஃபுளோரீனில், பச்சை-மஞ்சள் தரும் அதன் உறவுக்கார பாலிமரை நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்தாலே போதும், நீலம் ஏறக்குறைய மறைந்துவிடும். வர்ணப்பூச்சில் இப்படி நடக்காதே! காரணம், நீலத்துக்கு ஆற்றல் அதிகம். அது ஒளியாக வெளிவருமுன், ஆற்றல் குறைந்த பக்கத்துச் சங்கிலிக்குத் தாவிவிடுகிறது.

ஆனால் அந்தத் தாவல் சில நானோமீட்டர் தூரத்துக்குத்தான். நீண்ட சங்கிலிகளோ ஒன்றோடொன்று எளிதில் கலப்பதில்லை. தேங்காய்ப்பால் கறியில் எண்ணெய் பிரிவதுபோல் திட்டுத் திட்டாகப் பிரியும். திட்டு பெரிதானால் ஆற்றல் தாவ முடியாது, நீலம் மீண்டும் எட்டிப் பார்க்கும். ஆகவே எந்தக் கரைப்பானில் கரைக்கிறோம், எவ்வளவு வேகமாக உலர விடுகிறோம் என்பதெல்லாம் நிறத்தைத் தீர்மானிக்கும்.

1994-இல் சுவீடனின் லின்ஷோப்பிங் ஆய்வாளர்கள் இதையே சாதகமாக்கி, மின்னழுத்தத்தை மாற்றினால் நிறம் மாறும் விளக்கைச் செய்தார்கள். விளக்குக்கு அது அழகு. திரைக்கோ ஆபத்து! வெளிச்சத்தைக் கூட்டும்போதெல்லாம் செய்தி வாசிப்பவரின் முகமும் நிறம் மாறினால் யார் பார்ப்பார்கள்?

மை போல அச்சிடலாம் என்ற வசதி இருந்தும், இன்றைய கைத்தொலைபேசி ஓலெட் திரைகள் பெரும்பாலும் பாலிமர் அல்ல. சிறு மூலக்கூறுகளை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைத்தவை. அம்மா, உங்கள் தொலைக்காட்சி எல்சிடி என்றால், பின்னால் எரியும் விளக்கின் வெளிச்சத்தை வடிகட்டித்தான் அது நிறம் காட்டுகிறது. மகளின் கைத்தொலைபேசி ஓலெட் என்றால், அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. என் முகம் இரண்டிலும் ஒன்றுதான்!