கப்பலில் போட்ட கணக்கு

மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலைக்கு ஒரு காலத்தில் எட்வர்டு எலியட்ஸ் சாலை என்று பெயர். அங்கே ‘சந்திர விலாஸ்’ வீட்டுப் பிள்ளை சுப்பிரமணியன் சந்திரசேகர். மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-ல், 19 வயதில், சீமைக்குக் கப்பல் ஏறினார்.

கப்பலில் சும்மா இருக்கவில்லை, கணக்குப் போட்டார். எரிந்து தீர்ந்த நட்சத்திரம் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை உள்ளதானால், தன் பாரத்தைத் தானே தாங்காது. சுருங்கிக்கொண்டே போகும்!

1935-ல் லண்டன் சபையில் இதைச் சொன்னார். பெரும் விஞ்ஞானி எடிங்டன் எழுந்து கேலி செய்தார். பாவம், இளைஞர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

1963-ல் ஒரு விந்தை தெரிந்தது. நட்சத்திரம்போல் தோன்றிய ஒரு புள்ளி, 200 கோடி ஒளி ஆண்டுக்கும் அப்பால் இருந்தது. ஒரு நட்சத்திர மண்டலம் முழுவதையும் மிஞ்சிய பிரகாசம், அதன் நடுவில் ஒரு சிறு இடத்திலிருந்து!

அங்கே எரிவது என்ன? எரியவில்லை, விழுகிறது! ஒளியையும் விடாமல் விழுங்கும் கருந்துளை, சுற்றியுள்ள வாயுவை இழுக்கிறது. தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டம் ஒரே கடைக்குள் நுழையப் பார்ப்பதுபோல! வாசலில் நெரிபட்டு, உராய்ந்து, கொதித்து, ஒளிவிடுகிறது. சூரியனின் அணு எரிப்பில் நூற்றில் ஒரு பங்குகூடச் சக்தியாவதில்லை. இங்கே சுமார் பத்துப் பங்கு!

2019-ல் படம் வெளியான எம் 87 மண்டலத்துக் கருந்துளையின் எடை சுமார் 650 கோடி சூரியன்கள். இவ்வளவு பெரிது எப்படி உண்டாயிற்று என்பது இன்னும் தீராத வழக்கு.

சந்திரசேகருக்கு 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1995-ல் காலமானார். 1999-ல் ஏவிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு ‘சந்திரா’ என்று பெயர். அந்த வாசல் நெரிசலைத்தான் அது படம் பிடிக்கிறது.